ரெஃபரன்ஸ் மேஜையில் என்ன கேட்பது? தில்லிக்கு ஆராய்ச்சி செய்ய வந்த தமிழ் மாணவர்களுக்கு

தில்லிக்கு எம்.ஏ., பிஎச்.டி. படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலருக்குப் பல்கலைக்கழக நூலகம் என்றால் உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். மே மாத வெயிலுக்கு ஏசி, ஜனவரிக் குளிருக்கு அடைத்த அறை, லேப்டாப்புக்கு பிளக் பாயின்ட், வைஃபை. முகர்ஜி நகரிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் மாத வாடகைக்கு நாற்காலி கொடுக்கும் இடங்களே 'லைப்ரரி' என்று போர்டு மாட்டியிருக்கும் ஊர் இது. அதனால் இந்தப் பழக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பல்கலைக்கழக நூலகத்தில் உங்கள் ஆராய்ச்சிக்கு உதவுவதற்கென்றே பயிற்சி பெற்று, அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு தடவைகூடப் பேசாமல் இரண்டு வருடப் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்கள் யார், அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வாசலுக்குப் பக்கத்தில் புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுக்கும் இடம் இஷ்யூ கவுண்டர். ஆராய்ச்சிக் கேள்வியை அங்கே கேட்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், அவருக்கும் நேரம் இருக்காது. உள்ளே தள்ளுவண்டியோடு புத்தகம் அடுக்கிக்கொண்டிருப்பவர் அட்டெண்டன்ட். பைண்டிங்குக்குப் போன புத்தகம், தப்பான அலமாரியில் செருகிய புத்தகம், யாரோ மேஜையில் விட்டுப்போன புத்தகம், இந்த விவரமெல்லாம் அவர் கைவசம். அவரிடம் மரியாதையாக, "பையா" (இந்தியில் 'அண்ணா') என்று கூப்பிட்டுக் கேளுங்கள்; கம்ப்யூட்டர் 'அலமாரியில் இருக்கிறது' என்று காட்டியும் கைக்குக் கிடைக்காத நூலைத் தேடி எடுத்துத் தருகிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். இதழ்களுக்கு பீரியாடிகல்ஸ் செக்‌ஷன். மின்னிதழ், லாகின், பாஸ்வேர்ட் சமாச்சாரங்களுக்குத் தனிப் பிரிவு.

நாம் தேடுகிறவர் ரெஃபரன்ஸ் செக்‌ஷனில் இருப்பார். உதவி நூலகர், துணை நூலகர், புரொஃபஷனல் அசிஸ்டென்ட் என்று பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். நூலக அறிவியலை முறையாகப் படித்தவர். எந்தத் தகவல் எந்த மாதிரி ஆவணத்தில் ஒளிந்திருக்கும், அதை எந்தச் சொல் போட்டுத் தேடினால் வெளியே வரும் என்பது அவர் தொழில். ஒரு புத்தகத்தின் பெயர் உங்களுக்கே தெரியுமானால் அவர் தேவையில்லை. பெயரே தெரியாதபோதுதான் அவர் வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் அடித்தளம் போட்டவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் நூலாக வந்தன. அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 1947-ல் துணைவேந்தர் மாரிஸ் குவையர் அழைத்ததன் பேரில் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, சில ஆண்டுகள் இங்கே இருந்து நூலக அறிவியல் துறையை வளர்த்தார். ஆகவே வடக்கு வளாகத்தில் ரெஃபரன்ஸ் மேஜைக்கு முன்னால் 'தொந்தரவு செய்கிறோமோ' என்று தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் நேரம் வீணாகக் கூடாது என்பது அந்த மேஜையின் விதியிலேயே இருக்கிறது.

சரி, கேட்பதில் என்ன சிக்கல்? முதலில் நாம் கேட்கிற கேள்வி, பெரும்பாலும் நமக்கு உண்மையில் வேண்டிய கேள்வியாக இருப்பதில்லை. அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் அது தெளிவில்லாத யோசனையாகிறது. மூன்றாவதில் ஒழுங்கான கேள்வியாகிறது. நான்காவதில், 'நூலகத்தில் இதெல்லாம் எங்கே இருக்கப்போகிறது' என்று நாமே ஊகித்து அந்தக் கேள்வியைச் சுருக்கி, பொதுவாக்கி, வெளியே சொல்கிறோம். நூலகர் காதில் விழுவது இந்த நான்காவது மட்டும்தான். டாக்டரிடம் போய் வலி எங்கே என்று சொல்லாமல் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பதைப் போன்றது இது. நல்ல நூலகர் பதிலுக்குக் கேள்விகள் கேட்டு உங்களைப் பின்னோக்கி மூன்றாவது படிக்கும், முடிந்தால் இரண்டாவது படிக்கும் கூட்டிப்போவார். இந்த உரையாடலுக்கு ரெஃபரன்ஸ் இன்டர்வியூ என்று பெயர். அவர் கேள்வி கேட்பதை நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்து மிரள வேண்டாம்.

ஓர் உதாரணம். வரலாறு எம்.ஏ. படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஆங்கிலத்திலும் இந்தியிலும் கலந்துதான் நடக்கும். நான் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், தில்லித் தமிழர்களைப் பத்தி புத்தகம் இருக்கா?"

"டெர்ம் பேப்பருக்கா, டிஸர்டேஷனுக்கா?"

"டிஸர்டேஷன், மேடம்."

"எந்தக் காலம்?"

"சுதந்திரத்துக்கு முன்னாடி. சர்க்கார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கினவங்க."

"அவங்களைப் பத்தி என்ன வேணும்? வேலையா, வீடா, கோயிலா, பள்ளிக்கூடமா?"

"பள்ளிக்கூடம். பிள்ளைங்களை எப்படி, எங்கே படிக்க வெச்சாங்கன்னு."

"இதுவரைக்கும் என்ன படிச்சிருக்கே?"

சில கேள்விகள்தான். 'தில்லித் தமிழர்கள்' என்று கடல் மாதிரி இருந்த தலைப்பு, '1947-க்கு முன் தில்லியில் குடியேறிய அரசு ஊழியர் குடும்பங்களின் பள்ளிக் கல்வி' என்று கைக்குள் அடங்கிவிட்டது. கடைசிக் கேள்வியை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே படித்ததையே அவர் மறுபடி தேடி நேரத்தைச் செலவழிக்காமல் இருக்க அது தேவை. அதனால் போகும்போதே படித்த நூல்கள், கட்டுரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இதற்கு மேல் அந்த நூலகர் என்ன செய்வார்? முதலில் சொற்களை மாற்றச் சொல்வார். அந்தக் காலத்துத் தில்லி ஆவணங்களில் தமிழர் என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். சென்னை மாகாணத்திலிருந்து வந்த எல்லோரும் மதராஸிகள். இன்று தில்லியில் ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமே 1923-ல் தொடங்கியபோது மதராஸி என்ற பெயரோடுதான் இருந்தது. எனவே தமிழர், மதராஸி, தென்னிந்தியர் என்ற மூன்றையும் 'ஆர்' (OR) என்ற சொல்லால் இணைத்து, தில்லி, பள்ளி ஆகியவற்றை 'அண்ட்' (AND) என்ற சொல்லால் சேர்த்துத் தேட வேண்டும். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் பிஎச்.டி. மாணவர்கள் சிலருக்கே தெரியாது.

அடுத்தது, அலமாரி. பொருளுக்கு ஓர் எண் கொடுத்து அடுக்கும் டூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தில்லி வரலாறு 954.56-ல் இருக்கும். குடிபெயர்தல் 304.8-ல் இருக்கும். இனக்குழுக்கள் பற்றியவை 305.8-ல், கல்வி வரலாறு 370.9-ல். நம் மாணவியின் ஒரே தலைப்பு நான்கு இடங்களில், சில சமயம் இரண்டு மாடிகளில், சிதறிக் கிடக்கிறது. ஒரு அலமாரியைப் பார்த்துவிட்டு 'இதைப் பற்றி யாரும் எழுதவே இல்லை' என்று ஆய்வுச் சுருக்கத்தில் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது புரியும்.

தமிழ் நூல்களைத் தேடுவதில் நமக்கென்றே ஒரு தடை உண்டு. பெரிய நூலகங்கள் பலவற்றின் கேட்டலாகில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில், ஒரு குறிப்பிட்ட ஒலிபெயர்ப்பு முறையில் ஏறியிருக்கும். அதில் 'ச' என்ற எழுத்து எப்போதும் ஆங்கில 'சி'. 'க' எங்கே வந்தாலும் 'கே', 'ஜி' வராது. 'ழ' என்பது அடிக்கோடு போட்ட 'எல்'. நாம் 'சங்கம்' என்று எண்ணி 'எஸ்' போட்டுத் தேடுவோம், அது 'சி'யில் தொடங்கிக் காத்திருக்கும். 'சோழர்' என்று நாம் வழக்கமாக அடிக்கும் எழுத்துகளும் அப்படியே பொருந்தாது. வேறு சில நூலகங்களில் பதிவு செய்தவர் காதுக்குக் கேட்டபடி அடித்திருப்பார். அதனால் ஒரு தலைப்பை மூன்று விதமாக அடித்துப் பார்க்காமல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இடத்தில் நீங்கள் நூலகருக்கே உதவலாம். தமிழ் தெரியாத நூலகரிடம் நூலின் பெயரை எழுத்துப்பிழையில்லாமல் எழுதிக் கொடுத்து, உச்சரித்தும் காட்டினால் அவர் வேலை பாதியாகக் குறையும்.

புத்தகத்தைத் தாண்டி மூல ஆவணங்களுக்கு வரும்போதுதான் அனுபவமுள்ள நூலகரின் அருமை தெரியும். தில்லியில் எவ்வளவு பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாம். மாணவி 1931, 1941, 1951 என்று மூன்று பத்தாண்டுகளையும் ஒப்பிடத் திட்டம் போட்டிருப்பாள். 1941-ல் உலகப் போர் காரணமாக அட்டவணைகளைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நூலகர் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். தெரியாமல் போனால், இல்லாத அட்டவணையை ஒரு வாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேறு எங்கே போக வேண்டும் என்பதும் அவர் சொல்லக்கூடியதுதான். அரசுக் கோப்புகளுக்கு ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் 'அபிலேக் படல்' இணையதளத்தில் கோப்புகளைத் தேடிப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளலாம். மாணவர்கள் அடையாள அட்டையோடு துறையிலிருந்து ஓர் அறிமுகக் கடிதமும் கொண்டுபோக வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீன் மூர்த்தி வளாகத்தில், முன்பு நேரு நினைவு அருங்காட்சியகம் என்றிருந்து 2023-ல் பெயர் மாறிய பிரதமர்கள் அருங்காட்சியகத்தின் நூலகத்தில், பழைய செய்தித்தாள்கள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. தனிநபர்களின் கடிதத் தொகுப்புகளும், வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் உண்டு. ஃபிரோஸ்ஷா சாலையில் ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி நூலகம், ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். கணையாழி இலக்கிய இதழ் 1965-ல் தில்லியிலிருந்துதான் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஊர்த் தமிழர்கள் எழுதி அச்சிட்டதையே தனியாகத் தேட வேண்டும் என்பது விளங்கும். பள்ளி ஆண்டு மலர், சங்க மலர், கோயில் கும்பாபிஷேக மலர் மாதிரியானவை பல்கலைக்கழகக் கேட்டலாகில் அபூர்வமாகத்தான் ஏறும். அவற்றுக்கு நேரில் போய்க் கேட்பதுதான் வழி.

இனி மின்னிதழ்கள். கூகுளில் ஒரு கட்டுரை அகப்படுகிறது, திறந்தால் முப்பது நாற்பது டாலர் கேட்கிறது. பணம் கட்டாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் வரிப்பணம், பயன்படுத்தாமல் விடுவது நியாயமில்லை. வளாகத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே திறக்கும். ஹாஸ்டலிலோ, முனிர்காவில் வாடகை அறையிலோ, பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்திலோ திறக்க வேண்டுமானால் வெளியிலிருந்து நுழைவதற்கான லாகின் வேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஈ-ரிசோர்ஸ் பிரிவில் போய் அதை வாங்கிவிடுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் பாஸ்வேர்ட் கேட்டு நிற்பவர்களின் வரிசையைப் பார்த்தால் நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இன்னொரு கஜானா சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை, யாரும் இலவசமாகப் படிக்கலாம். எல்லோரும் அதில் முதல் அத்தியாயத்தைப் படிப்பார்கள். நான் சொல்வது, கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் வரும் ஓர் ஆய்வேட்டின் துணைநூற் பட்டியல் என்பது, நான்கைந்து வருடம் ஒருவர் அலைந்து சேர்த்த வரைபடம். அவர் எந்தக் காப்பகத்துக்குப் போனார், எந்தத் துறைக் கோப்பைப் பார்த்தார் என்று அதில் இருக்கும். ஆனால் தரம் ஒன்றுபோல இருக்காது. பட்டியலில் உள்ளதை நேரில் எடுத்துப் பார்க்காமல் உங்கள் பட்டியலுக்கு மாற்றக் கூடாது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. சாட்பாட்டிடம் கேட்டு வாங்கிய நூற்பட்டியலோடு மாணவர்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. அந்தக் கருவிகள் இல்லாத நூலைக்கூட இருப்பதுபோல எழுதிக் கொடுத்துவிடும். அப்படி வாங்கிய பட்டியலாக இருந்தால் நூலகரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்ப்பார். தெரியாவிட்டால் இல்லாத கட்டுரைக்காக அரை நாள் தேடுவார்.

மொழித் தயக்கம் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து நேராக வந்த பிள்ளைகளுக்கு இந்தி வராது, ஆங்கிலம் பேசக் கூச்சம். இதனாலேயே ஒரு வருடம் முழுக்க மேஜைப் பக்கம் போகாதவர்கள் உண்டு. எளிதான வழி, எழுதிக் கொடுப்பது. ஒரு மின்னஞ்சலில் உங்கள் தலைப்பு, காலம், இடம், இதுவரை படித்தவை, எந்தத் தேதிக்குள் வேண்டும், இவ்வளவையும் ஐந்து வரியில் எழுதி, 'எப்போது வந்தால் உங்களுக்கு வசதி' என்று கேளுங்கள். இலக்கணம் பிசகினால் பரவாயில்லை. நேரில் போகும்போது அந்த மெயிலின் பிரதி கையில் இருந்தால் பேச்சு தானாக வரும். மதிய உணவு நேரம், மூடும் நேரம், செமஸ்டர் முடியும் மாதம் ஆகியவற்றைத் தவிர்த்துப் போனால் ஆற அமரப் பேசுவார்.

நூலகரிடம் கேட்கக் கூடாததும் உண்டு. உங்கள் வாதம் என்ன, எந்தக் கோட்பாட்டைக் கையாள்வது என்பதெல்லாம் உங்களுக்கும் நெறியாளருக்கும் நடுவில் உள்ளது. 'எனக்காகப் பத்துக் கட்டுரை டவுன்லோட் செய்து தாருங்கள்' என்பதும் சரியல்ல. எப்படித் தேடுவது என்று காட்டச் சொல்லுங்கள், அவர் தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சொல்லைப் போடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் மேற்கோள்களைச் சேர்த்து வைப்பதையும் பல நூலகங்களில் கற்றுத்தருகிறார்கள். ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையும் பெரும்பாலும் நூலகம் வழியாகத்தான் நடக்கும். யுஜிசியின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் நடவடிக்கை இல்லை. அதற்கு மேல் போனால் திருத்த வேண்டிவரும். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

எல்லாம் செய்தும் 'இல்லை' என்ற பதில் வரலாம். அப்போது, என்ன மாதிரி இல்லை என்று கேளுங்கள். யாரோ எடுத்துப் போயிருக்கிறார்களா? அப்படியானால் ரிசர்வ் செய்யலாம். அலமாரியில் காணவில்லையா? அட்டெண்டன்டிடம் சொல்லிவைக்கலாம். இந்த நூலகமே வாங்கவில்லையா? தில்லியில் வேறு எந்த நூலகத்தில் இருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நூலகங்கள் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்துக்கொள்ள டெல்நெட் என்ற வலையமைப்பு இருக்கிறது. 1988-ல் தில்லி நூலகங்களுக்காகத் தொடங்கி இன்று நாடு முழுவதும் உறுப்பினர்கள் உள்ள அமைப்பு. உங்கள் நூலகம் அதில் உறுப்பினரானால் வேறு நூலகத்தின் புத்தகம் உங்கள் கவுண்டருக்கே வரும். அந்த விண்ணப்பத்தை மாணவர் தனியாகப் போட முடியாது, நூலகர்தான் போட வேண்டும். எங்குமே அகப்படாத புதிய நூல் என்றால், வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கும் படிவம் ஒன்று இருக்கும். நெறியாளரின் கையெழுத்தோடு கொடுத்தால் நிராகரிக்க மாட்டார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. வாங்கி, பதிவு செய்து, எண் ஒட்டி அலமாரிக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் தலைப்பு முடிவான வாரத்திலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.